ஒரே அரசனின் குடிகள், மூன்று வகை வாழ்க்கை: அமெரிக்கக் குடியேற்றங்களில் தட்பவெப்பம் எவ்வளவு தீர்மானித்தது?

சனிக்கிழமை வகுப்பு, ரோஸ் ஹில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மொரிசியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். மேல்வகுப்பு மாணவர்கள் பள்ளியில் படிக்கும் வரலாற்றைத் தமிழிலும் எழுதிப் பழக வேண்டும் என்பதற்காக, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த முதல் குடியேற்றங்களில் தட்பவெப்பமும் நில அமைப்பும் மக்களின் வாழ்க்கையை எவ்வாறு உருவாக்கின என்பதை இந்தத் தவணைக்குரிய கட்டுரைப் பொருளாகக் கொடுத்திருக்கிறேன்.

வெளிக்கோடுகள் எனக்குத் தெரியும். 1607இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன், 1620இல் வடக்கே பிளிமத், 1670இல் தெற்கே கரோலினாவின் சார்லஸ் டவுன். எல்லோரும் ஒரே மொழி பேசியவர்கள், ஒரே அரசனின் குடிகள். பாஸ்டனுக்கும் சார்லஸ் டவுனுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் நூறு ஆண்டுகளுக்குள் வடக்கே சிற்றூர்களும் மீன்பிடியும் கப்பல் கட்டும் துறைகளும், நடுவே ஆற்றங்கரைப் புகையிலைத் தோட்டங்களும், தெற்கே அடிமைகள் பெரும்பான்மையாக வாழ்ந்த நெல்வயல்களும் உருவாகிவிட்டன. நிலமும் வானமும் வாழ்க்கையை மாற்றும் என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினமன்று. கடலோரத் தலைநகர் போர்ட் லூயிசில் வியர்த்துக்கொண்டு பேருந்தில் ஏறுபவர் மேட்டு நகரமான கியூர்பைப்பில் இறங்கும்போது குடையையும் கம்பளிச் சட்டையையும் தேடுகிறார்.

தடை வேறிடத்தில் வந்தது. கடந்த வாரம் ஒரு மாணவி, தெற்கே வெயிலும் சேறும் அதிகமாக இருந்ததால்தான் அடிமைமுறை வந்தது என்று தம் பாடக்குறிப்பில் இருப்பதைப் படித்துக்காட்டிவிட்டு, அப்படியானால் அதற்கு எவருமே பொறுப்பில்லையா, வானிலைதான் பொறுப்பா என்று கேட்டார். கரும்புக்காக முதலில் அடிமைகளும், 1834க்குப் பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்களும் கொண்டுவரப்பட்ட ஒரு தீவில், அவ்வாறு வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி கேட்கும்போது அந்தக் கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடக்கத்தில் அத்தனை பேர் ஏன் இறந்தார்கள், வடக்கும் தெற்கும் ஏன் அவ்வளவு பிரிந்தன, அதில் தட்பவெப்பத்தின் பங்கு எதுவரை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மழைமானி

அம்மா, வணக்கம். பல ஆண்டுகள் மழையளவையும் வெப்பநிலையையும் குறித்துவைக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள், ஒரே அட்சரேகையில் உள்ள ஊர்களுக்கு ஏறக்குறைய ஒரே தட்பவெப்பம் இருக்கும் என்று நம்பினார்கள். ஜேம்ஸ்டவுன் 37ஆம் பாகையில், அதாவது ஸ்பெயினின் தென்பகுதிக்கு நேராக இருக்கிறது. ஆகவே ஆரஞ்சும் திராட்சையும் ஆலிவும் பட்டுப்பூச்சியும் அங்கே செழிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதே 1607இல் இன்றைய மெய்ன் மாநிலத்தின் கென்னபெக் ஆற்று முகத்துவாரத்தில், பிரான்சின் தென்கரைக்கு நேரான அட்சரேகையில், வேறொரு குழு சாகடஹாக் என்ற குடியேற்றத்தை அமைத்தது. ஒரே ஒரு குளிர்காலத்தைக் கண்ட அந்தக் குழு, தலைவர் இறந்ததாலும் அடுத்துத் தலைவரானவர் தம் சொத்துரிமைக்காக ஊர் திரும்ப வேண்டியிருந்ததாலும், 1608இல் இடத்தைக் கைவிட்டுக் கப்பலேறிவிட்டது.

கணக்கு பிழைத்ததற்குக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஐரோப்பாவின் மேற்குக் கரைக்கு அது வெதுவெதுப்பான கடலைத் தடவிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கோ ஒரு கண்டத்தின் தரையைக் கடந்து வருகிறது. தரை கோடையில் விரைவில் கொதிக்கும், குளிர்காலத்தில் விரைவில் உறையும். கடல் சூழ்ந்த நம் தீவில் கோடைச் சராசரிக்கும் குளிர்காலச் சராசரிக்கும் இடையே நான்கைந்து பாகைதான் வேறுபாடு என்பதை மாணவர்களிடம் சொன்னால், கடல் செய்யும் வேலை உடனே விளங்கும். மேலும் அது உலகின் பல பகுதிகளில் குளிர் மிகுந்திருந்த காலம். சிறு பனிக்காலம் என்று அதை அழைக்கிறார்கள்.

ஜேம்ஸ்டவுனுக்கு இன்னொரு கேடும் சேர்ந்தது. ஸ்பானியக் கப்பல்களின் கண்ணில் படாத இடமாகவும், தங்கள் கப்பல்களைக் கரை மரத்திலேயே கட்டும் அளவுக்கு ஆழமுள்ள இடமாகவும் தேடி, ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தாழ்ந்த சதுப்புத் திட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது கடல் ஏற்றம் எட்டும் பகுதி. கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறையும்போது உவர்நீர் மேலேறி அங்கே வந்து நிற்கும். குடியேறிகள் ஆற்றில் விட்ட கழிவும் கடலுக்குப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நீரைத்தான் குடித்தார்கள். மே மாதம் இறங்கிய 104 பேரில், 1608 சனவரியில் உதவிக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்.

மழையும் கைவிட்டது. அப்பகுதியின் சதுப்பு நிலங்களில் பல நூற்றாண்டுகளாக நிற்கும் சைப்ரஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மழை குறைந்த ஆண்டில் வளையம் மெலிந்திருக்கும். 1606 முதல் 1612 வரையிலான ஏழாண்டுகள் 770 ஆண்டுகளில் மிக வறண்ட ஏழாண்டுக் காலம் என்று அந்த வளையங்கள் காட்டின. அதற்குமுன் இன்றைய வட கரோலினாவின் ரோனோக் தீவில் குடியேறியவர்கள் காணாமற்போன 1587 முதல் 1589 வரையிலான காலம் 800 ஆண்டுகளில் மிக வறண்ட மூன்றாண்டுகள். பயிர் செய்யத் தெரியாத குடியேறிகள் அங்கிருந்த பவ்ஹட்டன் மக்களின் மக்காச்சோளத்தை நம்பியிருந்தார்கள். வறட்சியில் அவர்களுக்கே போதாத தானியத்தைத் துப்பாக்கியைக் காட்டிக் கேட்டபோது பகை முற்றியது. 1609-10 குளிர்காலத்தில் பவ்ஹட்டன் வீரர்கள் கோட்டையை முற்றுகையிட, உள்ளேயிருந்த சில நூறு பேரில் வசந்தம்வரை எஞ்சியவர்கள் ஏறத்தாழ 60 பேர்.

அந்தக் குளிர்காலத்துக்கு முன் அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய தலைமைக் கப்பலைப் புயல் அடித்துப் பெர்முடாத் தீவில் ஒதுக்கியது. அதில் வந்தவர்கள் அத்தீவின் மரங்களை வெட்டி இரண்டு சிறு கப்பல்கள் கட்டிக்கொண்டு 1610 மே மாதத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். நாம் நாள்தோறும் பார்க்கும் பீட்டர் போத் மலையின் பெயருக்குரிய டச்சு அதிகாரி 1615இல் நம் கரைக்கு அருகே புயலில் கப்பலுடைந்து இறந்ததும், 1638இல் இங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் புயலாலும் வறட்சியாலும் எலிகளாலும் களைத்து 1710இல் தீவையே விட்டுப் போனதும் ஏறக்குறைய அதே காலத்துச் செய்திகள். எந்தக் குடியேற்றம் நிலைக்கும், எது அழியும் என்பது அந்த நூற்றாண்டில் உண்மையிலேயே மழையின் கையில் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஃபிளாக் கரும்புக்காரன்

ஐயா சொன்னதிலிருந்து தொடர்கிறேன். பயிரைப் புரிந்துகொண்டால் பாதி வரலாறு புரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

1612 அளவில் ஜான் ரால்ஃப் என்பவர் கரீபியப் பகுதியின் புகையிலை வகையை வர்ஜீனியாவில் பயிரிட்டுப் பார்த்தார். நீண்ட வெயில்காலமும் ஈரக்காற்றும் அந்தப் பயிருக்குப் பொருந்தின. ஆனால் புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். மூன்று நான்கு அறுவடைக்குப் பிறகு அந்த நிலத்தை இருபது ஆண்டுகள்வரை தரிசாக விட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டக்காரரும் இன்று பயிரிடும் நிலத்தைப் போல் பல மடங்கு நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பினார். வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவாயின. அதோடு செசபீக் விரிகுடாவில் விழும் ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக், பொட்டோமக் ஆறுகள் அகலமும் ஆழமும் உடையவை. கடற்கப்பல் நேரே தோட்டத்தின் படித்துறைக்கே வந்து புகையிலைப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, லண்டன் துணியையும் இரும்புச் சாமானையும் இறக்கிவிட்டுப் போகும். துறைமுக நகரமோ சந்தையோ அங்கே பெரிதாகத் தேவைப்படவில்லை. நம்மூரில் எல்லாச் சரக்கும் போர்ட் லூயிஸ் என்ற ஒரே வாயில் வழியாகச் சென்றதால் அந்த நகரம் வளர்ந்தது; வர்ஜீனியாவிலோ ஆறுகள் நூறு வாயில்களைத் திறந்துவிட்டன.

வடக்கே நிலைமை நேர்மாறானது. பழைய பனியாறுகள் இழுத்து வந்து போட்ட கற்கள், பிளிமத்தும் மாசசூசெட்சும் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் மண் முழுவதும் கிடக்கின்றன. ஓர் ஆண்டு பொறுக்கி எடுத்தாலும், குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து விரிந்து, அடுத்த வசந்தத்தில் புதிய கற்களை மேலே தள்ளிவிடும். அவற்றை அடுக்கி வேலி கட்டினார்கள். நம் கரும்பு வயல்களின் நடுவே கோபுரம்போல் குவிந்திருக்கும் கருங்கற்களைப் பொறுக்கியவர்களின் பேரன் நான். கல் நிறைந்த நிலம் மனிதரிடமிருந்து எவ்வளவு வாங்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்லைக் கொடுத்தது எரிமலை, அவர்களுக்குப் பனி. பயிர்க்காலமும் அங்கே ஐந்து மாதம்தான். விற்பதற்கென்று ஒரு பெரும்பயிர் அங்கே விளையாது. எனவே குடும்பங்கள் தங்கள் உணவுக்கு மக்காச்சோளமும் பயறும் பூசணியும் பயிரிட்டுக்கொண்டு, தேவாலயத்துக்கு நடக்கும் தொலைவில் ஊர் ஊராக வாழ்ந்தன. மக்காச்சோளக் குழியில் மீனை உரமாக இடும் முறையைப் பிளிமத் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பகுதியின் பூர்வகுடியான திஸ்குவாண்டம்.

நிலம் மறுத்ததைக் கடலும் காடும் கொடுத்தன. கரைக்கு அப்பால் உள்ள கடல் மேடுகளில் காட் மீன் திரளாகக் கிடைத்தது. காடுகளில் கப்பலின் பாய்மரத்துக்கு ஏற்ற நெடிய வெள்ளைப் பைன் நின்றது. 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட பைன் மரங்கள் அரசனின் கடற்படைக்கே உரியவை என்று 1691ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் பட்டயம் ஒதுக்கிவைத்தது. குளிரையும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். சேற்றுப் பாதையில் நகர்த்த முடியாத மரங்களை, பனி உறைந்த பிறகு சறுக்கு வண்டியில் எளிதாக இழுத்து வந்தார்கள்.

பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் இரண்டுக்கும் இடைப்பட்டவை: கோதுமை விளைந்தது, ஆலையில் அரைத்து மாவாக ஏற்றுமதி செய்தார்கள்.

அம்மாவின் கடைசிக் கேள்விக்கு என் விடை இதுதான். புகையிலை, நெல், கரும்பு ஆகிய மூன்றும் ஆள்பலம் கேட்கும் பயிர்கள். அவை விளையும் தட்பவெப்பம் எங்கே இருந்ததோ அங்கே அடிமைமுறை ஏறக்குறையத் தவிர்க்க முடியாததாக இருந்தது. நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, உலகெங்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

நாற்றங்கால்

கரும்புக்கார அண்ணா பயிரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றையும் மதிக்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பத்தியில் உள்ள கருத்தை முதலில் பரப்பியவர்கள் தோட்ட முதலாளிகள்தாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கரோலினா நெல். என் முன்னோர் காரைக்கால் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகையால் அந்த வயல்களின் அமைப்பைப் படித்தபோது பழகிய வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நெல் வந்தது. பிற்காலத்தில் ஆற்றின் கடல் ஏற்றத்தையே பாசனமாக்கினார்கள். கழிமுகத்தில் கனத்த உப்புநீர் அடியிலும் இலேசான நன்னீர் மேலேயும் நிற்கும். கடல் ஏறும்போது உப்புநீர் அடியில் புகுந்து நன்னீரை உயர்த்தும். அப்போது மதகைத் திறந்தால் நன்னீர் வயலில் பாயும். கடல் வற்றும்போது திறந்தால் வயல் வடியும். மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கடலுக்கு மிக அருகே போனால் உப்பு பயிரைக் கொல்லும், மிக மேலே போனால் ஏற்றம் எட்டாது. நடுவே உள்ள ஒரு குறுகிய பட்டையில்தான் இது நடக்கும். அந்த மதகுகளைத் தொடக்கத்தில் குடைந்த மரத்தண்டால் செய்தார்கள். அதனால் பின்னாளில் பலகையால் பெட்டிபோல் செய்தபோதும் அடிமரம் என்று பொருள்படும் டிரங்க் என்ற பெயரே நிலைத்துவிட்டது. சைப்ரஸ் காட்டை வெட்டி, முதலையும் பாம்பும் இருந்த சேற்றில் நின்று, மைல்கணக்கில் கரை போட்டவர்கள் அடிமைகள்.

அவர்கள் வெறும் உடலுழைப்பை மட்டும் கொண்டுவரவில்லை. இங்கிலாந்தில் நெல் விளைவதில்லை. செனகாம்பியாவிலிருந்து சியரா லியோன்வரை உள்ள மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பல நூற்றாண்டுகளாக நெல் பயிரிட்ட மக்கள் இருந்தார்கள். குதிகாலால் விதையை மண்ணில் அழுத்துவது, மர உரலில் உலக்கையால் குற்றுவது, கோரைப்புல் முறத்தில் புடைப்பது எல்லாம் கரோலினாவுக்கு அவர்களோடு வந்தவை. நெல் அறிவில் அவர்களின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். குற்றுவதையும் புடைப்பதையும் சிறுவயதில் பார்த்த எனக்கு, அந்தப் பங்கைச் சிறியது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

இனி வாதத்துக்கு வருகிறேன். வெயில்தான் அடிமைமுறையைக் கொண்டுவந்தது என்றால், அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் முதன்முதலில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பளித்தது எது? பனி உறையும் மாசசூசெட்ஸ், 1641ஆம் ஆண்டில். அங்கே பெருந்தோட்டம் இல்லை. ஆனால் மேற்கிந்தியச் சர்க்கரைத் தீவுகளின் அடிமைகளுக்கு உணவாகத் தரம் குறைந்த உப்பு மீனை விற்றது நியூ இங்கிலாந்துதான். நம் வீடுகளில் விரும்பிச் செய்யும் உப்பு மீன் ருகாய் என்ற தக்காளிக் குழம்பைக் கிளறும்போதெல்லாம், தோட்டங்களின் உணவாக உப்பு மீன் உலகெங்கும் பயணம் செய்த கதை எனக்கு நினைவுக்கு வருகிறது.

மறுபக்கம், புகையிலைக் காட்டில் முதல் அரை நூற்றாண்டு உழைத்தவர்களில் பெரும்பாலோர் கடல் கடக்கும் செலவுக்காகச் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் வந்த ஏழை ஆங்கிலேயர்கள். 1619இல் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்ட பிறகும் அதே நிலைதான் நீடித்தது. அவர்கள் உழைத்ததும் அதே வெயிலில்தான். இங்கிலாந்தில் கூலி உயர்ந்து ஒப்பந்த ஆட்கள் குறைந்தபோதும், அடிமை வணிகக் கப்பல்கள் பெருகியபோதும்தான் நிலைமை மாறியது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டத்தை எந்த மழையும் எழுதவில்லை.

எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்று ஜார்ஜியா. 1733இல் கரோலினாவுக்கு அடுத்தே, அதே சேற்றிலும் அதே வெயிலிலும் தொடங்கிய அந்தக் குடியேற்றத்தில் 1735 முதல் அடிமைமுறைக்குச் சட்டத் தடை இருந்தது. வெள்ளையரால் இந்த வெயிலில் உழைக்க முடியாது, தடையை நீக்குங்கள் என்று 1738இல் சவன்னாவில் பலர் மனு எழுதினார்கள். 1739இல் டேரியன் ஊரின் ஸ்காட்லாந்து மக்கள், தடையை நீக்க வேண்டாம் என்று எதிர் மனு கொடுத்தார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து சமயத் துன்புறுத்தலால் வந்து எபனீசரில் குடியேறியவர்களும் அவ்வாறே எழுதினார்கள். வெள்ளையர் நெல் பயிரிட முடியாது என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகவும், தங்களில் சிலர் தேவைக்கு மேலேயே விளைவித்திருப்பதாகவும் அதில் குறிப்பிட்டார்கள். ஆனாலும் 1750களின் தொடக்கத்தில் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் தட்பவெப்பம் மாறவில்லை. அக்கரையில் கரோலினா முதலாளிகள் குவித்த செல்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கோரிக்கை வென்றது.

சனிக்கிழமை வகுப்பு, ரோஸ் ஹில்

மூவருக்கும் என் நன்றி. ஜார்ஜியாவின் செய்தியை நான் அறிந்திருக்கவில்லை. என் மாணவிக்குச் சொல்ல வேண்டிய விடை அதில் இருக்கிறது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. தெற்கே ஐரோப்பியர்கள் நோயால் அதிகமாக இறந்தார்கள், ஆப்பிரிக்கர்கள் ஓரளவு தாங்கினார்கள் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அது முதலாளிகளின் கட்டுக்கதையா, அல்லது அதில் உண்மை உண்டா?

ஃபிளாக் கரும்புக்காரன்

தங்கை நாற்றங்கால் எழுதியதை இருமுறை படித்தேன். தவிர்க்க முடியாதது என்று நான் எழுதிய சொல் தவறு. அந்த வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பது வேறு, அவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட ஆட்களாக இருக்க வேண்டும் என்பது வேறு. இதே வயல்களில் இரண்டு வகை ஆட்களும் வேலை செய்த தீவில் பிறந்த நான் அதை முதலிலேயே கண்டிருக்க வேண்டும்.

முன்னாள் செவிலி, போ பாசான்

அம்மாவின் ஐயத்துக்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதில் உண்மை உண்டு. அந்த உண்மையைத் தவறாகப் படித்ததும் உண்டு.

மலேரியாவில் இரண்டு வகைகள் அமெரிக்காவுக்குப் போயின. ஒன்று இங்கிலாந்தின் கென்ட், எசெக்ஸ் சதுப்புநிலங்களிலிருந்தே குடியேறிகளின் இரத்தத்தில் போன மிதமான வகை. மற்றொன்று அடிமைக் கப்பல்கள் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து போன கொடிய ஃபால்சிபாரம் வகை. இந்த இரண்டாவது வகைக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர நீண்ட வெப்பக் காலம் வேண்டும். அதனால் கரோலினாவில் வேரூன்றிய அது நியூ இங்கிலாந்தில் ஊன்ற முடியவில்லை. வடக்கே குளிர் நோயைத் தடுத்தது, ஊற்றுநீர் தூய்மையாக இருந்தது, மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1630களில் வந்த ஏறத்தாழ 20,000 பேர் பல்கிப் பெருகியதும், பேரப்பிள்ளைகளைக் காணும்வரை அங்கே பலர் வாழ்ந்ததும் அதனால்தான். செசபீக்கிலோ பெற்றோரை இழக்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு.

மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்ததால் இரத்தத்திலேயே ஒரு பகுதிப் பாதுகாப்பு இருந்தது. முதலாளிகள் அதைப் பார்த்துவிட்டு, இவர்கள் வெயிலுக்கென்றே பிறந்தவர்கள் என்று முடிவு கட்டினார்கள். அது வெயிலைப் பற்றிய செய்தி அன்று, ஒரு கிருமியைப் பற்றிய செய்தி. அந்தப் பாதுகாப்பும் முழுமையானதன்று. நெல் தோட்டங்களில் அடிமைகளின் குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தார்கள். கொசு பெருகும் தேங்கிய நீரைத் தோட்டமே உண்டாக்கியது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தட்பவெப்பம் வாழ்க்கையை மாற்றியதுபோலவே, வாழ்க்கை முறையும் அந்த நிலத்தை நோய் நிலமாக மாற்றியது.

நம் தீவின் வரலாறு இங்கே மிக நெருங்கி வருகிறது. கரோலினா முதலாளிகள் கோடை தொடங்கியதும் தோட்டத்தை விட்டுச் சார்லஸ் டவுனுக்கோ வடக்கே ரோட் தீவின் நியூபோர்ட்டுக்கோ போய், இலையுதிர்காலத்தில் உறைபனி விழுந்த பிறகே திரும்புவார்கள். அடிமைகள் சேற்றிலேயே இருந்தார்கள். மொரிசியசில் 1867இல் மலேரியா பரவிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது, வசதியுள்ளவர்கள் போர்ட் லூயிசை விட்டு அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த ரயிலைப் பயன்படுத்திப் பிளேன் வில்ஹெம்ஸ் மேட்டுக்கும் கியூர்பைப்புக்கும் ஏறினார்கள். நம் ரோஸ் ஹில்லும் போ பாசானும் வளர்ந்ததில் அந்தக் காய்ச்சலுக்குப் பங்குண்டு. தாழ்வான தோட்டக் குடியிருப்புகளில் இருந்த தொழிலாளர்களுக்கு மேடு ஏற வழியில்லை. இரண்டு இடங்களிலும் ஓடியவர்கள், சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினார்கள். கொசுதான் அதைச் சுமக்கிறது என்பதை 1897இல் இந்தியாவில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், பத்தாண்டுகள் கழித்து நம் தீவுக்கே வந்து ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. முதலாளிகள் ஆண்டில் பாதி நாள் இல்லாததாலும், கடலோரத் தீவுகளில் கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்ததாலும் அங்கே ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த குல்லா என்ற தனிக் கிரியோல் மொழி பிறந்து இன்றும் பேசப்படுகிறது. 1708 அளவிலேயே கரோலினாவில் கறுப்பின மக்களின் எண்ணிக்கை வெள்ளையரை மிஞ்சியிருந்தது. வீட்டிலும் தெருவிலும் கிரியோல் பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்த மொழியைப் பற்றிச் சொன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

சனிக்கிழமை வகுப்பு, ரோஸ் ஹில்

உங்கள் எல்லோருடைய பதில்களையும் அச்சிட்டு எடுத்து வைத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை, கரும்பலகையின் ஒரு பக்கத்தில் கடற்கரையின் படத்தையும் மறுபக்கத்தில் 1641, 1662, 1735 ஆகிய மூன்று ஆண்டுகளையும் எழுதி, எது நிலம் தந்தது, எது மனிதர் செய்தது என்று மாணவர்களையே பிரிக்கச் சொல்லப் போகிறேன்.

மழைமானி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலேயும் நிற்கும் என்பதைப் படத்தில் காட்டுவதைவிட நேரில் காட்டினால் ஜேம்ஸ்டவுனின் குடிநீரும் கரோலினாவின் மதகும் ஒரே நாளில் விளங்கிவிடும். நம் தீவில் அதற்கு ஏற்ற இடம் உண்டா?

மழைமானி

உண்டு, அம்மா. தென்கிழக்குப் பேராறு கடலில் கலக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து சுற்றுலாப் படகுகள் அருவி வரை போகின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆற்றில் நீர்வரத்து குறைந்திருக்கும்போது போவது நல்லது. இரண்டு புட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மேற்பரப்பு நீரைப் பிடியுங்கள். மற்றொன்றின் கழுத்தில் கயிறும் அடியில் கல்லும் கட்டி, மூடியை இழுத்துத் திறக்க ஒரு தனி நூல் வைத்து, அடிவரை இறக்கிய பிறகு திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டிலிருந்தும் ஒரே அளவு நீரைக் கறுப்புத் தட்டுகளில் ஊற்றி வகுப்பறைச் சன்னலோரம் காயவைத்தால் போதும். அடுத்த சனிக்கிழமைக்குள் அடிநீர்த் தட்டில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். படகுக்காரரிடம் கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.